ஸ்கிராட்ச்சில் சத்தம்: பதிவு செய்த ஒலியா, சுரம் சுரமாகவா?

பிளாக் எனும் கட்டளைக் கட்டங்களை அடுக்கிப் பிள்ளைகள் நிரல் எழுதும் ஸ்கிராட்ச்சில், பூனையை ஓடவிட்ட பிள்ளை அடுத்துக் கேட்பது சத்தம்தான். வழி இரண்டு: ஆயத்த ஒலியையோ மைக்கில் பதிந்த ஒலியையோ சேர்ப்பது; 'இசை' நீட்சியை (கூடுதல் பிளாக்குகளின் தொகுப்பை) திறந்து சுரங்களை எண்களாக எழுதுவது.

'மியாவ்' மட்டும் போதுமென்றால் முதல் வழியே சுலபம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஒலி முடியும்வரை காத்திருக்கும் பிளாக்கைப் போட்டால், அதன் கீழுள்ள கட்டளைகள் அதுவரை நகராது. பூனை சிலையாக நிற்கும். ஒலியைத் தொடங்கிவிட்டு உடனே அடுத்த கட்டளைக்குப் போகும் பிளாக்கை முடிவில்லாச் சுழற்சிக்குள் வைத்தாலோ, ஒலி நொடிக்குப் பலமுறை தொடங்கித் திக்கித் திணறும். பின்னணி இசைக்குக் காத்திருக்கும் பிளாக்கே சரி, ஆனால் தனிக் கட்டளைத் தொடரில்.

என் ஓட்டு இரண்டாவதற்கு. 60-ஐ 'ச' என்று வைத்து 60, 61, 64, 65, 67, 68, 71, 72 என்று அடுக்கினால் மாயாமாளவகௌளை ராகத்தின் ஆரோகணம் (ஏறுவரிசை) வந்துவிடும். பாட்டு வகுப்பில் சரளி வரிசை பாடும் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? தொடக்க வேகம் நிமிடத்துக்கு 60 தட்டு. 120 ஆக்கினால் இரண்டாம் காலம், அதாவது இரட்டை வேகம். திரும்பச் செய்தல், மாறி (மதிப்பைச் சேமிக்கும் பெயர்) போன்ற நிரல் பாடங்கள் எல்லாம் இதிலேயே பழகிவிடும். சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இந்த நீட்சியின் 21 வாத்தியங்களில் வீணை இல்லை, 18 தாளக் கருவிகளில் மிருதங்கமும் இல்லை. அவை வேண்டுமென்றால் மைக்கை எடுக்க வேண்டியதுதான்.