இடிப்பதா, பழுது பார்ப்பதா? லண்டனின் பழைய கவுன்சில் அடுக்குமாடிகள்

கிழக்கு லண்டனின் பாப்லரில் ராபின் ஹுட் கார்டன்ஸ் என்று ஒரு கவுன்சில் குடியிருப்பு இருந்தது, அதாவது உள்ளாட்சி அமைப்பான கவுன்சில் குறைந்த வாடகைக்குக் கட்டிய வீடுகள். 1972-இல் கட்டி முடித்தது, 213 வீடுகள். குடியிருப்பவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் இடிப்பை ஆதரிக்கிறார்கள் என்று கவுன்சில் அறிவித்தது. அங்கே குடியிருந்த ஒருவர் தானே வீடு வீடாகப் போய்க் கேட்டார். அவருக்குக் கிடைத்த பதில் நேர்மாறு: பெரும்பாலானோர் இடிக்க வேண்டாம் என்றார்கள். 2017-இல் இடிப்பு தொடங்கியது.

இதில் யாரோ பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரே மாடியில் இருப்பவர்களுக்கே தேவைகள் வேறு வேறு. சுவரில் பூஞ்சை, அடிக்கடி நிற்கும் லிஃப்ட், இரண்டு அறையில் ஐந்து பேர் என்று இருக்கும் குடும்பத்துக்குப் புது வீடு என்றால் நிம்மதி. நாற்பது வருடமாக அதே மாடியில் இருக்கும் முதியவருக்கு, பக்கத்து வீட்டுக்காரர்தான் பாதி உயிர். 1980-இன் வீட்டுவசதிச் சட்டத்தில் வந்த உரிமையால் தன் கவுன்சில் வீட்டையே வாங்கிப்போட்டவருக்கோ, இடிப்பு என்றாலே நஷ்டஈடு எவ்வளவு என்ற பயம். அப்புறம் வெளியே வீட்டுக்காகக் காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். இன்னும் நிறைய வீடு கட்டுங்கள் என்று அவர்கள் கேட்பதும் நியாயம்தான்.

சரி, முதல் வழி இடித்துக் கட்டுவது. இதற்குத் தெற்கு லண்டனின் எலிஃபண்ட் அண்ட் காஸிலில் இருந்த ஹெய்கேட் எஸ்டேட் என்ற கவுன்சில் குடியிருப்பைத்தான் பார்க்க வேண்டும். 1974-இல் முடிந்த அந்த எஸ்டேட்டில் சுமார் 1,200 வீடுகள். குடியிருந்தவர்களை வெளியேற்றி இடத்தைக் காலி செய்ய சதர்க் கவுன்சில் 4.4 கோடி பவுண்டு செலவழித்தது. நிலத்தை லெண்ட்லீஸ் என்ற கட்டுமான நிறுவனத்துக்கு விற்ற விலை 5 கோடி பவுண்டு. அந்த இடத்தில் இப்போது எழுந்திருக்கும் எலிஃபண்ட் பார்க்கில் இரண்டாயிரத்துக்கும் மேல் வீடுகள். ஆனால் பழைய கவுன்சில் வாடகைக்கு நிகரான வாடகையில் ஒதுக்கியவை ஏறத்தாழ 80 மட்டுமே. சொந்தமாக வாங்கியிருந்தவர்களில் பலருக்குக் கையில் வந்த தொகையில் அந்த வட்டாரத்தில் வேறு வீடு வாங்க முடியவில்லை. நகரத்தின் ஓரத்துக்கும் அதைத் தாண்டியும் போனார்கள். வீட்டின் எண்ணிக்கை கூடியது உண்மை, மரங்களும் கடைகளும் அழகாக இருப்பதும் உண்மை. ஆனால் அதை அனுபவிப்பவர்கள் வேறு ஆட்கள். இதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது வழியில் கட்டடம் பிழைக்கும், ஆட்கள் மாறுவார்கள். பாப்லரிலேயே இருக்கும் பால்ஃப்ரன் டவர் அப்படித்தான் ஆனது. கட்டடக் கலைஞர் எர்னோ கோல்ட்ஃபிங்கர் வடிவமைத்து 1967-இல் முடித்த கோபுரம். பாரம்பரியக் கட்டடம் என்பதால் இடிக்க முடியாது. 2007-இல் கவுன்சிலிடமிருந்து ஒரு வீட்டுவசதிச் சங்கத்துக்குக் கை மாறியது. புதுப்பிக்க ஆட்களை வெளியேற்றினார்கள், முடிந்ததும் வீடுகள் தனியார் சந்தைக்குப் போயின. கான்கிரீட் காப்பாற்றப்பட்டது என்று கட்டடக் கலைப் பிரியர்கள் மகிழலாம். அது கட்டப்பட்டதே குறைந்த வாடகைக்குக் குடியிருப்போருக்காக அல்லவா?

அதே கோல்ட்ஃபிங்கர் வடகென்சிங்டனில் கட்டிய ட்ரெலிக் டவரோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் துல்லியமாகத் தெரியும். 1972, 31 மாடி, பார்க்கப் பால்ஃப்ரனின் அண்ணன் மாதிரி. எழுபதுகளில் அதற்கு மிகக் கெட்ட பெயர். 1980களில் குடியிருப்போர் சங்கம் அமைந்து, வாசலில் காவலரும் இண்டர்காமும் வந்தபின் நிலைமை மாறியது. இன்றும் அங்கே பெரும்பாலான வீடுகள் கவுன்சில் வாடகையில்தான். கோபுரத்தின் உயரமோ சாம்பல் நிறமோ மாறவில்லை, பராமரிப்புதான் மாறியது.

இந்த மூன்றாவது வழியை, அதாவது ஆட்கள் இருக்கும்போதே சரிசெய்வதை, முழுமையாகச் செய்துகாட்டியது பிரான்ஸின் போர்டோ நகரம். கிராண்ட் பார்க்கில் 1960களின் மூன்று கட்டடங்கள், 530 வீடுகள். கட்டடக் கலைஞர்கள் லகாட்டனும் வசாலும் கூட்டாளிகளும் ஒவ்வொரு வீட்டின் முகப்பிலும் கண்ணாடி போட்ட அகலமான குளிர்காலத் தோட்டத்தைச் சேர்த்தார்கள். வேலை நடந்தபோது குடும்பங்கள் அங்கேயே இருந்தன, வாடகையும் ஏறவில்லை. 2019-இல் ஐரோப்பாவின் மீஸ் வான் டெர் ரோஹே விருது அதற்குக் கிடைத்தது.

பிரிட்டனில் இது ஏன் அரிது? வரிக்கும் பங்கு உண்டு. புதிதாகக் கட்டும் வீட்டுக்கு மதிப்புக் கூட்டு வரி பூஜ்யம். பழையதைப் பழுது பார்த்தால் பொதுவாக 20 சதவீதம். இடிப்பது சாய்ந்த தராசில்தான் ஜெயிக்கிறது.

ஆனாலும் எல்லாவற்றையும் காப்பாற்றுங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். 1968 மே மாதம் நியூஹாமில் ரோனன் பாயிண்ட்டின் 18-ஆம் மாடியில் எரிவாயு வெடித்து 22 மாடிக் கட்டடத்தின் ஒரு மூலையே சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அதைப்போலப் பெரிய கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய கோபுரங்கள் இன்னும் இருக்கின்றன. அப்படிக் கட்டிய சதர்க்கின் லெட்பரி எஸ்டேட்டில், வெடித்தால் தாங்காது என்ற அச்சத்தில் 2017-இல் எரிவாயுவையே நிறுத்த வேண்டியிருந்தது. கட்டமைப்பே பலவீனம் என்று பொறியாளர்கள் சொன்னால் இடிக்கத்தான் வேண்டும். பழுது பார்ப்பதையும் மலிவாகச் செய்துவிடக் கூடாது. புதுப்பித்த மறு வருடமே, 2017 ஜூனில், எரியக்கூடிய மேலுறையோடு கிரென்ஃபெல் டவர் பற்றி எரிந்து 72 பேர் மாண்டார்கள்.

2018 முதல் லண்டனில் மேயர் நிதி பெறும் பெரிய இடிப்புத் திட்டங்களுக்குக் குடியிருப்பவர்களின் வாக்கெடுப்பு கட்டாயம். நல்ல மாற்றம் இது. ஆனால் வாக்குச்சீட்டில் இருப்பது கவுன்சிலோ வீட்டுவசதிச் சங்கமோ தரும் ஒரே திட்டத்துக்கு ஆம், இல்லை என்ற இரண்டு கட்டங்கள்தான். ஒழுகும் வீட்டில் பத்து வருடம் இருந்தவர் "இல்லை" என்றால், அதே ஒழுகல்தான் தொடரும் என்று பயந்தே "ஆம்" போடலாம். அந்தச் சீட்டிலேயே பழுது பார்க்கும் திட்டமும் அதன் செலவும் மூன்றாவது கட்டமாக இருக்க வேண்டும். திரும்பி வரும் உரிமையும் வாடகையும் ஒப்பந்தமாக எழுத்தில் இருக்க வேண்டும்.