உள்ளூர் பயிற்சியாளரா, நாடு நாடாகப் போகும் பயிற்சியாளரா?

கோவை, ஈரோடு பக்கம் கால்பந்து ஆடிவிட்டுப் பயிற்சியாளராக நினைக்கும் தம்பிகளுக்கு இந்தக் குழப்பம் நிறையவே உண்டு.

தகுதி:
உள்ளூர் – தொடங்குவதற்கு டி, சி உரிமங்கள் போதும் (ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பான ஏஎஃப்சியின் வரிசையில் பயிற்சியாளர் உரிமங்கள் கீழிருந்து மேலாக டி, சி, பி, ஏ, ப்ரோ).
வெளிநாடு – தலைமைப் பொறுப்புக்குப் பெரும்பாலும் ஏ அல்லது ப்ரோ கேட்பார்கள். பணமும் ஆகும், வருடங்களும் ஆகும்.

வேலை:
உள்ளூர் – பள்ளி, அகாடமி சம்பளம் குறைவு, ஆனால் நிலைக்கும்.
வெளிநாடு – தொகை பெரிது. தொடர்ந்து தோற்றால் ஒப்பந்தம் முறியும்.

குடும்பத்துக்கு உள்ளூர்தான், சந்தேகமே இல்லை.

அனுபவத்தில் வெளிநாடு எங்கேயோ போய்விடுகிறது. பயிற்சியாளர் போரா மிலுட்டினோவிச் 1986 முதல் 2002 வரை மெக்சிகோ, கோஸ்டா ரிகா, அமெரிக்கா, நைஜீரியா, சீனா என ஐந்து நாட்டு அணிகளோடு ஐந்து உலகக் கோப்பைகளைப் பார்த்தவர். முதல் நான்கு அணிகளும் முதல் சுற்றைத் தாண்டின! அவ்வளவு தூரம் ஏன்? கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக்கி ஆடிய சென்னை சிட்டி கிளப், 2018-19இல் ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்துத் தொடரை வென்றபோது பயிற்சியாளர் சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ்.

தோட்டம், வயதான அப்பா அம்மா என்று பொறுப்பு இருந்தால், சிறுவர்களை வளர்த்தெடுக்கும் ஆசை இருந்தால், உள்ளூரிலேயே இருங்கள். தனியாள், புது மொழி பழகத் தயங்காதவர் என்றால் வெளியே போகலாம். அப்போதும் பி உரிமம் வரை இங்கேயே முடித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.