சென்னை – டொராண்டோ "16 மணி நேரம்" டிக்கெட்: பணம் கட்டும் முன் இதைப் பாருங்கள்

சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு நேரடி விமானமே கிடையாது. ஆனால் இரண்டு ஊர் பெயரையும் இணையத்தில் உள்ள விமான தூரக் கணிப்பானில் போட்டால் 13,390 கி.மீ., சுமார் 16 மணி நேரம் என்று வந்து நிற்கும். அது பூமி உருண்டை மேல் கயிறு பிடித்து அளந்த தூரத்தை 850 கி.மீ. வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்த கணக்கு. அந்தக் கயிறு ரஷ்யாவைத் தாண்டி ஆர்க்டிக் வழியாகப் போகிறது. கனடா விமானங்களுக்கு 2022 முதல் ரஷ்ய வான்வெளி மூடிக் கிடக்கிறது.

இந்த 16-ஐக் காட்டித்தான் ஒரு டிராவல் ஏஜென்ட், பிள்ளையைப் பார்க்கக் கிளம்பிய வயதான தம்பதிக்கு டிக்கெட் விற்றார். கோடைக்காலப் பயணம். சென்னையில் விடிகாலை 3.30-க்குப் புறப்பாடு, டொராண்டோவில் அன்றே இரவு 8.15-க்கு இறக்கம். கழித்துப் பார்த்தால் 16.45, சரியாகத்தானே இருக்கிறது என்று தலையாட்டிவிட்டார்கள். இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். கோடையில் டொராண்டோ நமக்கு 9.30 மணி நேரம் பின்னால் (குளிர்காலத்தில் 10.30). அதைக் கூட்டினால் உண்மையான பயணம் 26 மணி 15 நிமிடம்.

நேரம் கூடப் போவதைப் பொறுத்துக்கொள்ளலாம். சிக்கல் நடுவில் இருந்தது. முதல் விமானம் லண்டன் ஹீத்ரோவில் காலை 10-க்கு இறங்கும். அடுத்தது மாலை 5.15-க்கு, கேட்விக்கிலிருந்து. இரண்டுக்கும் "லண்டன்" என்றே ஏஜென்ட் எழுதியிருந்தார். டிக்கெட்டில் விமான நிலையக் குறியீடு ஒன்று எல்எச்ஆர் (ஹீத்ரோ), மற்றது எல்ஜிடபிள்யூ (கேட்விக்). இரண்டும் வேறு வேறு விமான நிலையங்கள், நடுவே 60 கி.மீ.க்கு மேல் சாலை.

அன்று முதல் விமானம் 3 மணி நேரம் தாமதம். குடிவரவு வரிசை, பெட்டி எடுப்பது, பேருந்து எல்லாம் முடிந்து கேட்விக் சேர்ந்தபோது செக்-இன் மூடியாயிற்று. இரண்டு விமானங்களுக்கும் தனித்தனி பிஎன்ஆர் (முன்பதிவு எண்). அதனால் முதல் கம்பெனி "லண்டன் வரை கொண்டுவந்து விட்டோம்" என்றது, இரண்டாவது கம்பெனி "நீங்கள் வரவில்லை" என்றது. இரண்டு பேருமே பொறுப்பேற்கவில்லை. புது டிக்கெட் சொந்தக் காசில்.

ஏஜென்ட் அனுப்பும் வாட்ஸ்அப் படத்தை நம்பாதீர்கள், இ-டிக்கெட்டையே கேளுங்கள். முழுப் பயணத்துக்கும் ஒரே பிஎன்ஆர்தானா, இறங்கும் குறியீடும் அடுத்து ஏறும் குறியீடும் ஒன்றுதானா என்று பாருங்கள். பிஎன்ஆரை ஏர்லைன் இணையதளத்தில் நீங்களே போட்டு, டொராண்டோ வரை காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். பெட்டி அளவும் அப்படித்தான்: முதல் கம்பெனி 23 கிலோ பெட்டி இரண்டு அனுமதித்தாலும் இரண்டாவது கம்பெனி தனியாகக் காசு கேட்கலாம்.

விமான நிலையம் மாறினால் லண்டனில் குடிவரவைத் தாண்டி வெளியே வர வேண்டும். செல்லுபடியாகும் கனடா விசா உள்ள இந்தியருக்கு இடைவழி விசா விலக்கு உண்டுதான், ஆனால் உள்ளே விடுவது அங்கே நிற்கும் அதிகாரி கையில். அடுத்த டிக்கெட்டின் அச்சுப் பிரதி கையில் இருக்கட்டும்.

சென்னை கவுன்டரில் பெட்டிக்குக் கட்டும் சீட்டையும் படித்துவிடுங்கள். ஒய்ஒய்இசட் (டொராண்டோ விமான நிலையக் குறியீடு) என்று இருந்தால்தான் பெட்டி டொராண்டோ போகும்.