உறுமியா, மிருதங்கமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பெற்றோர் பலருக்கும் உள்ள குழப்பம் இது: "பையனை உறுமி மேளக் குழுவில் விடலாமா, மிருதங்க வகுப்பில் சேர்க்கலாமா? உறுமியெல்லாம் ஒரு கலையா?"

செலவு
மிருதங்கம்: வாத்தியமும் வகுப்புக் கட்டணமும் நம் கையிலிருந்துதான்.
உறுமி: பெரும்பாலும் குழுவின் வாத்தியம். பையன் போய் நின்றால் போதும்.

கற்கும் முறை
மிருதங்கம்: 'த தி தொம் நம்' தொடங்கிப் படிப்படியான பாடம். ஆதி தாளம் என்றால் 8 எண்ணிக்கைக்குள் கணக்கு நிற்க வேண்டும்.
உறுமி: ஏடு கிடையாது. அண்ணன்மார் கையைப் பார்த்துப் பழக வேண்டும்.

நுணுக்கம்
மிருதங்கத்தின் நுணுக்கத்தை யாரும் மறுப்பதில்லை. உறுமியைத்தான் குறைத்துப் பேசுகிறார்கள். ஒரு முகத்தில் அடிக்கும்போதே மறு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்க வேண்டும். அழுத்தம் தவறினால் உறுமல் வராது, வெறும் கீறல் சத்தம்தான். அப்புறம், தைப்பூசத்தில் காவடி எடுப்பவர் தளரும்போது வேகத்தை ஏற்றுவதா, இறக்குவதா என்று அவர் காலைப் பார்த்து அந்த நொடியிலேயே முடிவெடுக்க வேண்டும். பயிற்சி, இலக்கணம், கேட்பவரை அசைக்கும் தேர்வு மூன்றும் இருக்கும்போது அதைக் கலை இல்லை என்று எப்படிச் சொல்வது? மேடையும் சான்றிதழும் பிறகு வருபவை.

சரி, யாருக்கு எது? கச்சேரி, நாட்டிய அரங்கேற்றம் என்று ஆசைப்படுபவனுக்கும், தனியாக உட்கார்ந்து சாதகம் செய்யும் பொறுமை உள்ளவனுக்கும் மிருதங்கம். கூட்டத்தோடு சேர்ந்தால்தான் மலரும் பிள்ளைக்கும், கோயில் திருவிழா என்றாலே துள்ளுபவனுக்கும் உறுமி. சேர்க்கும் முன் ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும் என்று குழுத் தலைவரிடம் கேட்டுவிடுங்கள். மறுநாள் பள்ளி இருக்கும்.