கப் டேஸ்டர்ஸா, ப்ரூவர்ஸ் கப்பா, ஏரோபிரஸ்ஸா: வட சென்னையிலிருந்து எதில் இறங்குவது?

பெரம்பூர், கொளத்தூர், தண்டையார்பேட்டைப் பக்கம் வீட்டிலோ சின்னக் கடையிலோ ஸ்பெஷாலிட்டி காபி போட்டுக் கை பழகியவர்கள் அடுத்துக் கேட்பது போட்டியைப் பற்றித்தான். கேரமும் குத்துச்சண்டையும் ஊறிய ஏரியா, கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பாரிஸ்டா போட்டியை முதலிலேயே தள்ளி வைத்துவிடலாம். 15 நிமிடத்துக்குள் எஸ்பிரஸ்ஸோ, பால் பானம், சொந்தமாக உருவாக்கிய சிக்னேச்சர் பானம் மூன்றையும் பரிமாற வேண்டும். அதற்குப் பழக நல்ல எஸ்பிரஸ்ஸோ மெஷினும் கிரைண்டரும் வேண்டும், விலை லட்சங்களில். வேலை பார்க்கும் கடையில் மெஷின் இருந்து, கடை மூடிய பிறகு பழக முதலாளியும் விடுவார் என்றால் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு மிச்சம் மூன்று.

கப் டேஸ்டர்ஸ்

விதி ரொம்ப எளிது. மும்மூன்று கப்பாக எட்டு செட், நேரம் 8 நிமிடம். ஒவ்வொரு செட்டிலும் இரண்டு கப் ஒரே காபி, ஒன்று வேறு. அந்த வேறு கப்பைக் கண்டுபிடித்து முன்னால் தள்ள வேண்டும். சரியான எண்ணிக்கை அதிகம் உள்ளவர் ஜெயிப்பார். சமமானால் சீக்கிரம் முடித்தவர். பேச்சு இல்லை, கருவி இல்லை, நல்ல கொட்டை தேடி எஸ்டேட் எஸ்டேட்டாக அலையவும் வேண்டாம். ஒரு ஸ்பூனும் நாக்கும் போதும்.

வீட்டில் பழகும் செலவும் குறைவுதான். நான்கு காபி எடுத்து, ஒவ்வொன்றிலும் 30 கிராம் தூளுக்கு 500 மில்லி தண்ணீர் என்று போட்டால் மொத்தம் 120 கிராம் தூளில் 24 கப்பும் தலா 70 மில்லி அளவுக்கு நிறைந்துவிடும். கப்புகளைப் பழகுபவரே அடுக்கக்கூடாது, வீட்டில் வேறு ஒருவர் இடம் மாற்றி அடுக்கி, வேறான கப்பின் அடியில் ஸ்டிக்கர் ஒட்டி வைக்க வேண்டும்.

பயிற்சி வீணாவது பெரும்பாலும் மூன்று இடத்தில். முதலாவது ஸ்ட்ராங். ஒரு காபி கொஞ்சம் கெட்டியாக இறங்கிவிட்டால் நாக்கு அந்தக் கெட்டியைத்தான் பிடிக்கும், சுவையை அல்ல. எட்டுக்கு எட்டு வாங்கிவிட்டுப் போட்டியில் மூன்றோடு திரும்புவது இப்படித்தான். அரைத்த அளவு, தண்ணீர், ஊறும் நேரம் எல்லாம் நான்குக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது நிறம். டீக்கடைக் கண்ணாடி கிளாஸ் மலிவு என்று 24 வாங்கினால், வறுவல் வித்தியாசம் வெளியிலிருந்தே கண்ணுக்குத் தெரிந்துவிடும். போதாக்குறைக்கு வாய் குறுகல், சூப் ஸ்பூன் உள்ளே போகாது. வாயகன்ற வெள்ளைப் பீங்கான் கப் எடுத்து, அறையில் விளக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், சூடு சீக்கிரம் இறங்கிவிடும். மூன்றாவது அந்தச் சூடேதான். கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது இரண்டு காபியும் ஒன்றுபோல இருக்கும். வெதுவெதுப்பாக ஆறிய பிறகுதான் புளிப்பும் இனிப்பும் பிரியும். மே மாதத்து வியாசர்பாடி வீட்டில் காபி ஆறவே ஆறாது, ஏசி ஹாலில் மளமளவென்று ஆறும். இரண்டு நிலையிலும் பழகியாக வேண்டும்.

ஜோடி எப்படிப் போடுவது? தொடக்கத்தில் ஏற்காடு ஒன்று, எத்தியோப்பியா ஒன்று என்று தூரமாக. பிறகு ஒரே எஸ்டேட்டின் பிளான்டேஷன் ஏ (பெரிய தட்டைக் கொட்டைத் தரம்), பீபெரி (ஒற்றை உருண்டைக் கொட்டை). அதற்கும் மேலே போக நம்மூர்ச் சரக்கே உதவும்: ஒரே தூளில் ஒரு பங்கில் மட்டும் 10 சதவீதம் சிக்கரி, பிறகு 5, பிறகு 2. சிக்கரி டிகாக்ஷனைக் கறுப்பாக்கும் என்பதால் இங்கே விளக்கு இன்னும் குறைய வேண்டும். பயிற்சிக்குக் காலை நேரம்தான் சரி. பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோவும் (பர்மா நூடுல்ஸ்) மசாலா முட்டையும் சாப்பிட்டு வந்தால் அன்றைக்குக் கப்பைத் தொடாமல் இருப்பதே மேல். வறுத்த பூண்டு லேசில் விடாது.

ப்ரூவர்ஸ் கப்

எஸ்பிரஸ்ஸோ மெஷின் இல்லாமல், கையால் ஃபில்டர் காபி போடும் போட்டி. இதில் பணம் கொட்டையிலும் தண்ணீரிலும் போகும். உலக அளவில் 2011 முதல் நடக்கிறது. கட்டாயச் சுற்றில் எல்லோருக்கும் ஒரே கொட்டை. ருசி மட்டும் பேசும். ஓபன் சுற்றில் 10 நிமிடம், நீங்கள் கொண்டுவந்த கொட்டை. மூன்று நடுவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தபடியே அதைப் பற்றிப் பேசவும் வேண்டும். கப்பில் எந்தச் சுவை வரும் என்று சொல்கிறீர்களோ அது வர வேண்டும். மல்லிகை மணக்கும் என்று சொல்லி நடுவருக்கு அது தட்டாவிட்டால் மார்க் போய்விடும். வெறும் ஆரஞ்சு என்று சொல்லி ஆரஞ்சே வந்தால் பிழைத்தீர்கள்.

கொட்டைக்கு இரண்டு வழி. பனாமா கெய்ஷா ரகம் போன்ற வெளிநாட்டு லாட் (தனியாகப் பிரித்து விற்கும் கொட்டைத் தொகுதி) வாங்குவது ஒன்று: மணம் நிச்சயம், விலை கண்ணைக் கட்டும், மேடையில் இன்னும் நாலு பேர் அதையே வைத்திருப்பார்கள். இன்னொன்று சேர்வராயன், பழனி, கர்நாடகத்தின் பாபாபுதன் மலை எஸ்டேட்டுகளில் சின்ன லாட் கேட்பது. சேர்வராயன் 900 முதல் 1,500 மீட்டர் உயரம், பாபாபுதன் 1,000 முதல் 1,500. ரகத்தில் எஸ்.795 பாதுகாப்பான தேர்வு. மணத்துக்கு செலக்ஷன் 9. அரபிகா அறுவடை பெரும்பாலும் நவம்பரிலிருந்து ஜனவரி வரை என்பதால், காய்ந்து தோல் நீக்கிய புதுச் சரக்குக்கு மார்ச், ஏப்ரலில் கேளுங்கள். முதலில் சாம்பிள் வாங்கி, 150 மில்லி தண்ணீருக்கு 8.25 கிராம் என்று கப்பிங் (தூளில் வெந்நீர் ஊற்றி, வடிகட்டாமல் ஸ்பூனால் சுவைத்துப் பார்ப்பது) செய்யுங்கள். 4 நிமிடத்தில் மேல் படலத்தை உடைத்து, நுரையை வழித்துவிட்டு, ஆற ஆறச் சுவைக்க வேண்டும். ஐந்து கப் வைத்தால்தான் ஒரு கப்பில் மட்டும் ஒளிந்திருக்கும் பூஞ்சை வாடையோ புளித்த வாடையோ அகப்படும். பச்சைக் கொட்டையின் ஈரப்பதம் 10 முதல் 12 சதவீதம் இருக்க வேண்டும்.

வாங்கிவந்த பச்சைக் கொட்டையைக் காசிமேடு, ராயபுரம் பக்கம் சாக்கில் வைத்தால் கெட்டது கதை. கடல் காற்றில் ஈரம் ஏறி, கொட்டை வெளுத்து, புளிப்பு மங்கிவிடும். மலபார் கரையில் மழைக்காற்று படவிட்டு மான்சூன்ட் காபி தயாரிப்பது இதே சங்கதியைத்தான் வேண்டுமென்றே செய்வது. போட்டிக் கொட்டைக்கு அது ஆகாது. கிலோ கிலோவாக வேக்குவம் பாக்கெட் போட்டு வையுங்கள்.

அடுத்தது தண்ணீர். வட சென்னைக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது பழைய கதை. இந்தப் பகுதியில் போர் தண்ணீர் பல இடத்தில் உப்பு. குழாயில் வருவதில் 2010-ல் தொடங்கிய காட்டுப்பள்ளி ஆலையில் உப்பு நீக்கிய கடல்நீரும் உண்டு. கேன் தண்ணீரோ ஆர்ஓ-வில் எல்லாம் உருவப்பட்டது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 150 காட்டினால் சரி என்று நினைப்பார்கள். மீட்டருக்குச் சோடியமும் ஒன்றுதான், மக்னீசியமும் ஒன்றுதான். நாக்குக்கு அப்படி இல்லை. ஆகவே தண்ணீரைச் செய்துகொள்வது நல்லது. வாசனையில்லாத எப்சம் சால்ட் 2.45 கிராம் ஒரு லிட்டர் டிஸ்டில்ட் வாட்டரில். சமையல் சோடா 1.68 கிராம் இன்னொரு லிட்டரில். முதலாவதிலிருந்து 80 மில்லி, இரண்டாவதிலிருந்து 40 மில்லி எடுத்து 880 மில்லி டிஸ்டில்ட் வாட்டரில் கலந்தால் கடினத்தன்மை 80, காரத்தன்மை 40 பிபிஎம். எப்சம் சால்ட் பாரிமுனை நைனியப்ப நாயக்கன் தெரு கெமிக்கல் கடைகளில் கிடைக்கும்; சாப்பிடத் தகுந்த தரம் என்று கேட்டு வாங்குங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரைத் தொடவே தொடாதீர்கள். சோடா கொஞ்சம் கூடினாலும் புளிப்பெல்லாம் செத்து, காபி சப்பென்று ஆகிவிடும். ஓபன் சுற்றுக்குச் சொந்தத் தண்ணீர் கொண்டுபோகலாம். கட்டாயச் சுற்றில் அவர்கள் தருவதுதான்.

ஏரோபிரஸ்

காபியை ஊறவைத்துக் கையால் அழுத்தி இறக்கும் குழாய்க் கருவிதான் ஏரோபிரஸ். 2008-ல் ஆஸ்லோவில் மூன்று பேரோடு தொடங்கிய போட்டி இது. இன்றும் அந்த விளையாட்டுக் குணம் போகவில்லை. காபி அவர்கள் தருவது, தூள் 18 கிராமுக்கு மேல் கூடாது. மூன்று நடுவர்கள் சுவைத்துவிட்டு ஒரே நேரத்தில் பிடித்த கப்பை விரலால் காட்டுவார்கள். மார்க் ஷீட் இல்லை. ஒரு சுற்றில் தோற்றால் வீட்டுக்குத்தான். ஏன் தோற்றோம் என்று யாரும் சொல்லப்போவதில்லை, ஆகவே கற்றுக்கொள்ளும் இடமாக இது சுமார்தான்.

போவதானால் ஒரு தொடக்க அளவு: 18 கிராம், டேபிள் சால்ட்டைவிடக் கொஞ்சம் பருமன், 85 டிகிரியில் 100 மில்லி, ஒரு நிமிடம் ஊறல், 30 நொடி அழுத்தம், பிறகு 80 மில்லி வெந்நீர் சேர்ப்பு. "உஸ்" என்று காற்றுச் சத்தம் கேட்டதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அழுத்தினால் கசப்பும் துவர்ப்பும்தான் இறங்கும். கவிழ்த்துப் போடும் முறையில், ஃபில்டர் மூடியைச் சரியாகத் திருகாமல் திருப்பினால் மேஜை முழுக்கக் காபி.

இந்த மூன்றில் முதல் ஆண்டுக்குக் கப் டேஸ்டர்ஸ்தான் சரி. கையிருப்பு 10,000 ரூபாய்க்குள் என்றால் கேள்வியே இல்லை. ப்ரூவர்ஸ் கப்புக்குக் கொட்டை தேர்வு செய்யவும், சொன்ன சுவை கப்பில் வருகிறதா என்று பார்க்கவும் அந்த நாக்குதான் வேண்டும். கடை வைத்திருப்பவர், பேச்சில் கெட்டி, எஸ்டேட்காரர்களோடு பழக்கமும் உண்டு என்றால் நேராக ப்ரூவர்ஸ் கப்புக்கே போகலாம். ஆனால் மார்ச் சாம்பிளைத் தவறவிட்டால் அந்த ஆண்டை விட்டுவிடுங்கள். எதில் பதிந்தாலும் பணம் கட்டும் முன் அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தை வாங்கிப் படியுங்கள், நேரமும் அளவும் இடையிடையே மாறும்.