எபாக்ஸியில் நானோட்யூப் கலக்க மூன்று ரோலர் மில்: சில ஆண்டுகள் ஓட்டிய பிறகு

எபாக்ஸியில் (ஹார்டனர் சேர்த்தால் இறுகும் ரெசின்) கார்பன் நானோட்யூப் (கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கார்பன் குழாய்) கலப்பது உங்கள் அன்றாட வேலை என்றால் மூன்று ரோலர் மில் வாங்கலாம். எப்போதாவது ஒரு முறைதான் என்றால் லேபில் ஏற்கெனவே இருக்கும் புரோப் சோனிகேட்டரே (அல்ட்ராசவுண்ட் அதிர்வில் கலக்கும் கருவி) போதும். எந்தக் கம்பெனி மாடல் என்பதை விட, அதை எப்படி ஓட்டுகிறோம் என்பதில்தான் பாதிக்கு மேல் இருக்கிறது. அதனால் பிராண்ட் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

நாங்கள் பயன்படுத்துவது மல்ட்டிவால் வகை, அதாவது ஒன்றுக்குள் ஒன்றாகப் பல சுவர்கள் கொண்டது. ஒவ்வொரு ட்யூபும் சுமார் 10 நானோமீட்டர் தடிமன், ஒன்றிரண்டு மைக்ரான் நீளம். ஒரு கிராம் தூளின் பரப்பு இருநூறு சதுர மீட்டரைத் தாண்டும். அவ்வளவு பரப்பும் வான்டர்வால்ஸ் ஈர்ப்பில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால் சாதாரண ஸ்டிரரால் எத்தனை மணி நேரம் கலக்கினாலும் கட்டி உடையாது. ரெசின் கறுத்துவிடும், அவ்வளவுதான். கறுப்பைப் பார்த்து ‘நன்றாகக் கலந்துவிட்டது’ என்று புதிதாக வரும் மாணவர்கள் எல்லோரும் சொல்வார்கள். ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் காட்டினால் பேச்சு நின்றுவிடும்.

சோனிகேட்டரின் சிக்கல் வேறு. 20 கிலோஹெர்ட்ஸ் அதிர்வில் குமிழிகள் உண்டாகி உடையும் வேகம் கட்டியைப் பிரிக்கிறது. ஆனால் கெட்டியான ரெசினில் அந்த வேகம் முனைக்கு அருகிலேயே அடங்கிவிடும். அசிட்டோன் ஊற்றி நீர்க்க வைத்தால் பிறகு அதை முழுக்க வெளியேற்ற வேண்டும். மிச்சம் இருந்தால் க்யூர் ஆன (இறுகிய) பிறகு பொருள் மெத்தென்று போகும். நேரம் கூடக் கூட ட்யூப்கள் ஒடிந்து நீளம் குறைகின்றன. டைட்டானியம் முனையும் அரித்துக்கொண்டே வரும், அந்தத் துகள் சாம்பிளுக்குள்ளேதான் போகிறது.

மில்லின் உருவம் கரும்பு ஜூஸ் மெஷினைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். ஆனால் நசுக்குவது இதன் வேலை இல்லை. மூன்று ரோலர்களும் பெரும்பாலும் 1:3:9 என்ற விகிதத்தில் வெவ்வேறு வேகத்தில் சுற்றுகின்றன. நடுவில் மாட்டிய ரெசின் படலத்தை ஒரு பக்கம் மெதுவாகவும் மறுபக்கம் வேகமாகவும் இழுக்க, அந்த ஷியரில் (உரசி இழுக்கும் விசையில்) கட்டி பிய்கிறது. எடுத்த எடுப்பில் இடைவெளியை 5 மைக்ரானுக்கு இறக்கக் கூடாது. ரெசின் மட்டும் உள்ளே போய், பெரிய கட்டிகள் மேலேயே உருண்டுகொண்டிருக்கும். அகலமாக ஆரம்பித்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ரோலருக்குள் குளிர்ந்த நீர் ஓடுவது முக்கியம். ரெசின் சூடாகி இளகினால் ஷியர் விழுந்துவிடும். எங்கள் லேப் சென்னையில், மே மாத மதியத்தில் ஏசி நின்றால் அன்றைய பேட்ச் தனியாகத் தெரியும்.

மில்லில் இருந்து வழித்தெடுத்த பேஸ்ட் அருமையாக இருக்கும். அதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை. ஹார்டனர் சேர்த்துச் சூடாக்கியதும் ரெசின் சற்று நேரம் தண்ணீர் மாதிரி ஆகும். அந்த இடைவேளையில் ட்யூப்கள் மறுபடி கூடிக்கொள்ளும். இது எப்போதும் கெடுதல் இல்லை. வலிமை வேண்டும் என்றால் கூடக் கூடாது. மின்கடத்தல் வேண்டும் என்றால் கொஞ்சம் கூடினால்தான் ஒன்றையொன்று தொட்டு வலை உண்டாகும். 2003இல் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று எபாக்ஸியில் வெறும் 0.0025 எடைச் சதவீத ட்யூபிலேயே கடத்தலைக் காட்டியதற்குப் பின்னால் ட்யூப்கள் இப்படிக் கூடிக்கொள்வதும் இருக்கிறது. எங்கள் வேலை பெரும்பாலும் கடத்தல் சார்ந்தது. அதனால் கடைசி பாஸ் (மில்லுக்குள் ஒரு முறை ஓட்டுவது) வரை ஓட்டாமல் முன்னாலேயே நிறுத்திவிடுகிறோம். இப்படி வேண்டிய இடத்தில் நிறுத்த முடிவதுதான், என் பார்வையில், இந்தக் கருவியின் பெரிய பலம்.

‘ட்யூப்களை ஒரே திசையில் வரிசைப்படுத்த முடியுமா?’ என்று எல்லோரும் கேட்பார்கள். மில் அதற்கில்லை. 1994லேயே அஜயன் என்ற ஆய்வாளரும் சகாக்களும் ரெசினில் பதித்த ட்யூப்களை மெல்லிய சீவலாக வெட்டி, வெட்டும் விசையாலேயே வரிசைப்படுத்திக் காட்டினார்கள். தெர்மோபிளாஸ்டிக் என்றால் உருக்கி இழையாக இழுக்கலாம். எபாக்ஸியில் நாங்கள் செய்வது, க்யூர் ஆகும்போது இரண்டு எலக்ட்ரோடுக்கு நடுவே ஏசி (மாறுதிசை) மின்புலம் கொடுப்பது. டிசி (நேர்திசை) கொடுத்தால் ட்யூப்கள் ஆனோடு பக்கம் போய்க் குவியும்; ஏசியில் நுனிக்கு நுனி சங்கிலி கோத்து நிற்கும். மிகக் குறைந்த லோடிங்கில் (கலக்கும் ட்யூபின் அளவில்) மட்டுமே இது பலிக்கிறது. 1 சதவீதத்துக்குப் போனால் பேஸ்ட் நகரவே மறுக்கும்போது ட்யூப் எங்கே திரும்புவது? கடத்தலுக்குக் கச்சிதமான வரிசை உதவவும் உதவாது. எல்லாம் இணையாக நின்றால் ஒன்றையொன்று சந்திக்காது. சிங்கிள்வால் (ஒற்றைச் சுவர்) ட்யூப் கலந்த பிஎம்எம்ஏ என்ற அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2005இல் இதை அளந்தே காட்டினார்கள்: உச்சக் கடத்தல் வந்தது அரைகுறை வரிசையில்தான்.

குறைகளும் உண்டு. சிறு பேட்ச் போட்டால் ரோலரில் ஒட்டியே கணிசமான பங்கு போய்விடும். துடைப்பது தண்டனை. வழிக்கும் பிளேடு தேய்ந்துகொண்டே இருக்கும், உதிரி பிளேடைச் சேர்த்தே ஆர்டர் செய்யுங்கள். உலோகத் துகள் கலக்கக் கூடாதென்றால் செராமிக் ரோலர் கேளுங்கள். அதில் ஸ்பேட்டுலா ஒரு தடவை விழுந்தால் விளிம்பு பெயர்ந்துவிடும். கண்ணாடி இழைத் துணிக்குள் ரெசினை வேக்குவமில் இழுக்கும் வேலைக்கும் இந்தப் பேஸ்ட் ஒத்துவராது. துணியே வடிகட்டியாகி, ட்யூப்கள் நுழைவாயில் பக்கமே தங்கிவிடும்.

தூளை எடை போடுவது ஃப்யூம் ஹுட்டுக்குள்தான், ரெசினில் நனையும் வரை வெளியே எடுப்பதில்லை. அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2013இல் பரிந்துரைத்த வரம்பு காற்றில் கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம். கண்ணுக்குத் தெரியும் அளவு தூசி பறந்தால் அந்த வரம்பு எப்போதோ தாண்டியாகிவிட்டது.