இரண்டு கீபோர்டையும் ஒரே நேரத்தில் வாசித்துப் பார்க்காமல் மிடி மெர்ஜர் வாங்காதீர்கள்

மூன்று நிகழ்ச்சிச் சம்பளம் போச்சு. நேற்று ராத்திரி மேடையில் மானமும் போச்சு. தூங்கவே இல்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பவை இரண்டு பழைய கீபோர்டுகள். இரண்டிலும் யூஎஸ்பி கிடையாது, ஐந்து முள் மிடி அவுட் மட்டும்தான். மிடி ஒயரில் சத்தம் போகாது, எந்தக் கட்டையை அழுத்தினோம், விட்டோம் என்ற செய்திதான் போகும். கீழே உள்ளது சேனல் 1, பியானோ. மேலே உள்ளது சேனல் 2, பேடும் (பின்னணியில் நீண்டு ஒலிக்கும் மெத்தென்ற சத்தம்) ஸ்ட்ரிங்ஸும். சத்தம் முழுக்க லேப்டாப் சாஃப்ட்வேரிலிருந்து வரும். லேப்டாப் மக்கர் பண்ணினால் உடனே ஒரு சவுண்ட் மாட்யூலுக்கு (லேப்டாப் இல்லாமலே சத்தம் தரும் பெட்டி) மாறவும் வழி வேண்டும். அதனால் கம்ப்யூட்டர் இல்லாமலே இரண்டு கீபோர்டையும் ஒரே கேபிளில் சேர்க்கும் மெர்ஜர் தேடினேன். பழைய இசைச் சாதனங்களை வாங்கி விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில் கிடைத்தது.

விற்றவன் வீடியோ காலில் வந்தான். பேச்சிலேயே என்னைக் கவிழ்த்துவிட்டான். நான் கேட்காமலே, "லோக்கல் ஆஃப் பண்ணிட்டீங்களா ப்ரோ? இல்லன்னா கீபோர்டு சத்தமும் லேப்டாப் சத்தமும் சேர்ந்து கேட்கும்" என்றான். இவ்வளவு விவரம் தெரிந்தவன் ஏமாற்றுவானா என்று தோன்றியது. கீழ் கீபோர்டை வாசித்தான், பியானோ வந்தது. கையை எடுத்து மேல் கீபோர்டில் வைத்தான், ஸ்ட்ரிங்ஸ் வந்தது. சத்தத்தை மாற்றச் சொல்லும் புரோகிராம் சேஞ்ச்கூட அனுப்பிக் காட்டினான். "பார்த்தீங்கல்ல, ரெண்டும் ஒரே கேபிள்லதான் வருது."

அந்த வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது. காலையில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு தடவைகூட ஒரு கை மேலேயும் ஒரு கை கீழேயுமாக அவன் வாசிக்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பார்சல் வந்த அன்றே அவனிடமிருந்து மெசேஜ்: "கிடைச்சிருச்சுன்னு ஒரு பட்டன் அழுத்திடுங்க ப்ரோ, எனக்குப் பணம் வர்றதுக்கு லேட்டாகுது." ஒவ்வொரு கீபோர்டாகச் செருகிப் பார்த்தேன். விளக்கு எரிந்தது, சத்தம் வந்தது. அழுத்திவிட்டேன். அந்த ஒரு பட்டனில் மூன்று நிகழ்ச்சிச் சம்பளம் அவன் கைக்குப் போய்விட்டது.

ரிகர்சலில் அவ்வப்போது ஒரு நோட்டு நிற்காமல் இழுத்தது. அவனிடமே கேட்டேன். முதலில், "கேபிள் மாத்திப் பாருங்க." மாற்றினேன். அடுத்து, "டிரைவர் அப்டேட் பண்ணுங்க." பண்ணினேன். பிறகு, "உங்க கீபோர்டு ஆக்டிவ் சென்சிங் அனுப்புது, அதான் பிரச்சினை." 300 மில்லி செகண்டுக்குள் ஒருமுறை, 'நான் இருக்கிறேன்' என்று கீபோர்டு அனுப்பும் ஒரே ஒரு பைட் அது. அதற்கே தடுமாறினால் அது மெர்ஜரே இல்லை. அதை அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும்.

நேற்று மேடையில் மெதுவான ஒரு பாட்டு. பேடை மேல் கீபோர்டின் பெடலில் பிடித்து வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கீழே பியானோ வாசித்துக்கொண்டிருந்தேன். கார்ட் மாறும் இடத்தில் பெடலை விட்டேன். பேடு நிற்கவில்லை. அடுத்த கார்டின் மேலும் பழைய கார்ட் கிடந்து இழுக்கிறது. பாடகி பாடிக்கொண்டே திரும்பிப் பார்க்கிறார். எல்லா நோட்டையும் நிறுத்தச் சொல்லும் ஆல் நோட்ஸ் ஆஃப் அனுப்பினேன். மிடியில் அது கன்ட்ரோலர் 123 என்ற கட்டளை. பெடல் இன்னும் அழுந்தியிருப்பதாக சாஃப்ட்வேர் நினைக்கும்வரை அதற்கு நோட்டு அடங்காது. 120, ஆல் சவுண்ட் ஆஃப், அதுதான் உடனே வெட்டும். அந்தப் பதற்றத்தில் அது எங்கே நினைவுக்கு வரும்? ஃபேடரை இறக்கி, மீதிப் பாட்டை வெறும் பாடலும் டிரம்ஸுமாக முடித்தோம்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்தேன். இரண்டு இன் சாக்கெட், ஆளுக்கொரு டயோடு, இரண்டு ஒயரும் ஒரே புள்ளியில் பற்றவைத்திருந்தது. அதற்கப்புறம் ஒரே ஒரு ஆப்டோ ஐசோலேட்டர், சிக்னலை வெளிச்சம் வழியாகக் கடத்தும் சின்ன பாகம். சேர்க்கும் வேலைக்கு என்று ஒரு சிப்கூட இல்லை. இதற்கா மூன்று நிகழ்ச்சிச் சம்பளம்?

மிடி ஒயரில் நொடிக்கு 31,250 பிட் போகும். ஒரு நோட் ஆன், அதாவது கட்டையை அழுத்திய செய்தி, மூன்று பைட், ஒரு மில்லி செகண்டுக்குச் சற்றுக் குறைவான நேரம். அந்த நேரத்தில் இன்னொரு கீபோர்டும் பேசினால் இரண்டின் பிட்டுகளும் கலந்து குப்பையாகிவிடும். நேற்று பெடலை விட்ட செய்தியும் இப்படித்தான் போயிருக்க வேண்டும். உண்மையான மெர்ஜர் ஒன்றை முழுசாக அனுப்பும்வரை மற்றதைப் பிடித்து வைத்திருந்து பிறகு விடும். இந்தப் பெட்டியில் பிடித்து வைக்க எதுவுமே இல்லை. ஒவ்வொன்றாக வாசித்தால் வேலை செய்யும், சேர்த்து வாசித்தால் சாகும். செய்தவனுக்கு அது தெரியும். தெரிந்துதான் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டியிருக்கிறான்.

உள்ளே எடுத்த படத்தை அனுப்பினேன். பார்த்தான், பிளாக் பண்ணிவிட்டான். தளத்தில் புகார் போட்டால், "பொருள் பெற்றதை நீங்களே உறுதி செய்துள்ளதால் கோரிக்கை மூடப்பட்டது" என்று பதில். படத்தோடு மறுபடி போட்டேன். எழுத்து மாறாமல் அதே பதில்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை, இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு கீபோர்டிலும் ஒரே நேரத்தில் பத்து நிமிஷம் அடர்த்தியாக, பெடலோடு வாசிக்காமல் "கிடைத்தது" பட்டனை அழுத்தாதீர்கள். கூடவே, வரும் செய்திகளைத் திரையில் காட்டும் மிடி மானிட்டர் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு நோட் ஆனுக்கும் ஆஃப் (கட்டையை விட்ட செய்தி) வருகிறதா பாருங்கள். சில கீபோர்டுகள் ஆஃபுக்குப் பதில் வெலாசிட்டி (அழுத்திய வேகம்) 0 உள்ள நோட் ஆன் அனுப்பும், அது சரிதான். இரண்டு முனை ஒன்றாகும் ஒய் கேபிளில் இரண்டு மிடி அவுட்டைச் சேர்க்கலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், இதே கதிதான். 120-ஐ ஒரு பட்டனில் போட்டு வையுங்கள்.

சனிக்கிழமை அடுத்த நிகழ்ச்சி. கீபோர்டுக்கு ஒன்றாக இரண்டு தனித்தனி யூஎஸ்பி மிடி இன்டர்ஃபேஸ் இரவல் கேட்டிருக்கிறேன், சேர்ப்பதை சாஃப்ட்வேரே செய்யட்டும். மாட்யூலுக்கு மாறும் வழி இப்போதைக்கு இல்லை.